துண்டு முதல் இக்காமா வரை

கடல் கடந்து பிழைக்கப் போவது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. கொழும்புக் கடைகளில் கணக்கெழுதிய முதியவர்களும் சவுதியிலிருந்து விடுப்பில் வந்த இளைஞர்களும் நம் டவுண் ரத வீதிகளில் இன்றும் உண்டு. எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்றே அவர்களை எல்லோரும் கேட்கிறோம். அயல்நாட்டில் தங்க உரிமை தந்த தாள் யார் பொறுப்பில் இருந்தது என்பதே வரலாற்று மாணவியாகிய எனக்கு எழுந்த கேள்வி.

முதலில் இலங்கையைக் காண்போம். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் பெரும்பாலும் கங்காணியிடம் பட்ட கடனோடுதான் கப்பலேறினர். தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் அவர்களுக்கென ஒரு முகாம் இருந்தது. பின்னாளில் மண்டபம் முகாம் பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அதிலிருந்த எண் காட்டிற்று. தோட்டம் மாறவோ 'துண்டு' வேண்டும். இன்ன தொகை கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று துரை தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடனும் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் இம்முறையை ஒழித்தது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்தபின், கொழும்பில் வணிகம் செய்த நம்மவர்க்குத் தற்காலிக வதிவிட அனுமதி தேவையாயிற்று. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது.

இனி வளைகுடா. இக்காமா என்பது சவுதி அரேபியாவில் தங்கியிருப்பதற்கான அனுமதி. வேலை விசாவில் இறங்கியவருக்கு 90 நாட்களுக்குள் முதலாளி அதனை எடுத்துத் தரவேண்டும், கட்டணமும் முதலாளியுடையதே. ஆனால் அவர் புதுப்பிக்கத் தவறினால் தெருவில் இறங்க அஞ்சுபவர் தொழிலாளிதான். வேலையைவிட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி பதிவு செய்துவிட்டால், அதற்கு 'ஹுரூப்' என்று பெயர். நேற்றுவரை சட்டப்படி இருந்தவர் இன்று குற்றவாளியாகிவிடுவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. (எங்கள் தெரு அம்மாள் ஒருவர், மகனுடைய பழைய இக்காமாவின் காலாவதி நாள் ஹிஜ்ரி ஆண்டில் இருந்ததால், அதை நம் தேதிக்கு மாற்றித் தரச்சொல்லி என்னிடம் வந்தார்.) 2021 மார்ச் 14 முதல், ஓராண்டு பணி செய்தவர் முதலாளியின் சம்மதமின்றி வேறு வேலைக்கு மாறலாம் என்று விதி தளர்ந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கு அப்போது அது கிட்டவில்லை. துண்டு ஒழிந்து சரியாக நூறாண்டு!

ஊரில் 'ஃப்ரீ விசா' என்று விற்கப்படுவதோ, பெயருக்கு ஒரு முதலாளி இருக்க, வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு. சவுதிச் சட்டத்தில் அப்படியொரு விசாவே கிடையாது.

நம் கல்லூரியினர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி பெறவேண்டும். அப்போது அவருடைய ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதால் அவர்களுடைய ஒப்பந்தத்தை அந்த அதிகாரி பார்ப்பதில்லை. இது சலுகையா என்பது எனக்கு ஐயமே. அச்சட்டத்தின் விதிகளின்படி, பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கியதற்கு இரசீதும் தரவேண்டும். எங்கள் தெருவில் நான் விசாரித்த எவரிடமும் அந்த இரசீது இல்லை.