பல்லாங்குழியில் கணக்குப் பாடம்

எந்த விளையாட்டு என்றாலும் வகுப்பு கலகலப்பாகிவிடும். ஆனால் கலகலப்பு வேறு, பாடம் மனதில் ஏறுவது வேறு. கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் அமெரிக்காவில் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வறிய குடும்பத்துச் சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தினார்கள். மற்றவர்கள் எண்ணுக்குப் பதில் நிறமிட்ட கட்டங்களில் ஆடினார்கள். இரண்டு வாரத்தில் மொத்தம் ஒரு மணி நேர ஆட்டம்தான். எண்ணறிவு கூடியது எண்ணில் ஆடியவர்களுக்கு மட்டுமே. ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. ஆகவே ஆட்டத்தைப் பாடத்துக்குப் பரிசாகத் தருவதில் பயனில்லை. ஜெயிப்பதற்கே கணக்கு வேண்டியிருக்கும் ஆட்டமாகத் தேட வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் அப்படி ஒன்று வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது: பல்லாங்குழி.

பலகை இல்லாவிட்டால் சாக்பீஸால் தரையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு வட்டம் போடுங்கள். குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. விதி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் வகுப்புக்கு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொரு விதையாகப் போட வேண்டும், கடைசி விதை விழுந்ததற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும், அது காலியாக இருந்தால் அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். முதல் நாள் எல்லா ஜோடியும் ஒரே ஒரு முறை ஆடி, எடுத்ததை எழுதட்டும். எந்தக் குழியில் தொடங்கினாலும் 7 விதைதான் கிடைக்கும். ஏன் என்று கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். எல்லாக் குழியும் சமமாக இருக்கையில் தொடங்கும் இடத்தால் எதுவும் மாறாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடம்.

மறுநாள் முதல், அள்ளும் முன்பே கடைசி விதை விழும் குழியைச் சொல்ல வேண்டும். குழிகளுக்கு 1 முதல் 14 வரை எண் கொடுத்துவிட்டால் 12ஆம் குழியின் 6 விதை 18க்குப் போகும். 14ஐக் கழித்தால் 4. ஆட்டம் முடிந்ததும் வகுத்தல் தானாக வருகிறது: 38 விதை வென்றவர் தன் ஏழு குழியையும் ஐந்தைந்தாக நிரப்பி 3 மீதி வைப்பார், 32 விதைக்காரருக்கு ஆறு குழி நிரம்பி 2 மீதி. ஒரு விதையை நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பம் என்று வைத்தால் அதே 38, 1520 கிலோ ஆகிறது. டெல்டாப் பிள்ளைக்கு இது புத்தகக் கணக்கு அல்ல, வீட்டில் பேசும் கணக்கு.

பாடத்திட்டம் முடியாதே என்பார்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே செயல்பாட்டு வழியில்தான் நடக்கிறது. கூட்டல், கழித்தல், வகுத்தலுக்கு ஒதுக்கிய நேரத்திலேயே இதையும் நடத்தலாம், தனி நேரம் வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளையே ஆடிவிடும் என்ற கவலை அதைவிட நியாயமானது. அதனால் பலகைக்கு நால்வர், பக்கத்துக்கு இருவர் என்று உட்கார வையுங்கள். ஒருவர் குழி எண்ணைச் சொல்ல, மற்றவர் விதையைப் போட வேண்டும். முறைக்கு முறை மாற வேண்டும். சொன்ன எண் சரியாக இருந்தால்தான் எடுத்த விதை சொந்தம். இந்த ஒரு விதி இல்லையென்றால் கை மட்டும் ஆடும், கணக்கு ஓடாது. விதையைத் தொடாமலே சரியாகச் சொல்லும் பிள்ளைக்குத் தாளில் 14 எண்களை மட்டும் எழுதிக் கொடுத்து, அடுத்த ஆட்டத்தை அதில் ஆடச் சொல்லுங்கள்.