பிளாக்கும் ஹெட்டும் எடுக்கப் போகும் மருமகனுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள மருமகனுக்கு,

ஜிப்சியின் 1.3 இன்ஜினுக்கு டர்போ வைக்க எந்த பிளாக், எந்த ஹெட் எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். பொன்முடி ஏற்றத்தில் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் எழுதியிருக்கிறாய்.

முதலில் சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதனால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜினைத் தொடாதே. டர்போவுக்கென்று தனியாக ஒரு பழைய இன்ஜின் எடு. அது கோவை செட்டிபாளையம் டிராக்கில் மட்டும் ஓடட்டும். பொன்முடிக்குக் கம்பெனி இன்ஜினோடு போ. உனக்கு வேண்டிய பாடம் அந்த மலையில் இருக்கிறது.

கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே ஏறுவாய். வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது, இன்ஜின் சூடாகும். அந்தச் சூட்டை முதலில் வாங்குவது ஹெட், அதிலும் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடம். பழைய ஹெட்டுகளில் விரிசல் தேட வேண்டிய முதல் இடம் அதுதான். இறங்கும்போது நடப்பது வேறு. ஆக்ஸிலரேட்டரை விட்டு கியரில் இறங்கினால் மேனிஃபோல்டில் வாக்குவம் ஏறும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த வாக்குவம் ஆயிலை உள்ளே இழுக்கும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் பின்னால் நீலப் புகை வருகிறதா, பார். டர்போ இன்ஜினில் இந்த ஆயில் வெறும் புகையோடு போகாது. பெட்ரோலோடு கலந்து அதன் ஆக்டேனைக் குறைத்து நாக்கிங்கைக் கொண்டுவரும். நாக்கிங் தொடங்கினால் பிஸ்டனுக்கு ஆயுள் இல்லை.

இனி பிளாக். குதிரைத்திறனை பிளாக்கில் தேடாதே. அழுத்தத்தில் வடிவம் மாறாமல் நிற்பதுதான் அதன் வேலை. 1983-ல் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனது பிரபாம் பிஎம்டபிள்யூ காரில். அந்த 1.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு அடிப்படை, சாதாரண ரோட்டுக் கார்களில் ஓடிய வார்ப்பிரும்பு பிளாக். 16 வால்வு ஹெட்டைத்தான் ரேஸுக்கென்று தனியாகச் செய்தார்கள். நீயும் பிளாக்கில் உறுதியைப் பார், ஹெட்டில் மூச்சையும் குளிர்ச்சியையும் பார்.

உன் இன்ஜினின் பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பார்க்காமல் காசு கொடுக்காதே. சிலிண்டரைச் சுற்றி வாட்டர் ஜாக்கெட் திறந்து கிடந்தால் ஓபன் டெக். பூஸ்ட் ஏறினால் சிலிண்டரின் மேல்முனை அசையும், கேஸ்கட் போகும். மேல்புறம் மூடி, தண்ணீருக்குத் துளை மட்டும் விட்டிருந்தால் குளோஸ்டு டெக். டர்போவுக்கு அதுதான் நல்லது. அடுத்து போர் கேஜை விட்டு மேலே, நடுவே, கீழே அளந்து பார். ஸ்டாண்டர்டு போர் 74 மி.மீ. ஏற்கெனவே இரண்டு ஓவர்சைஸ் போன பிளாக்கை விலை குறைவு என்று எடுத்துவிடாதே. ரீபோர் செய்யச் செய்ய லைனர் மெலியும். சி.சி. கொஞ்சம் கூடுவதால் உனக்கு ஒரு லாபமும் இல்லை, பவரைப் பூஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

ஹெட்டில் எல்லாரும் போர்ட்டைப் பெரிதாக்க ஓடுகிறார்கள். நான் முதலில் உயரத்தை அளப்பேன். ஒருமுறை ஓவர்ஹீட் ஆன ஹெட்டை லேத் பட்டறையில் ஸ்கிம்மிங் செய்து, அதாவது அடிப்பக்கத்தைச் சீவி, விற்றிருப்பார்கள். 1298 சி.சி.யில் ஒரு சிலிண்டருக்கு 324.5 சி.சி. கம்ப்ரஷன் 9-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்ச இடம் 40.6 சி.சி.தான். ஹெட்டில் 0.3 மி.மீ. சீவினால் அதில் 1.3 சி.சி. வரை போகும், கம்ப்ரஷன் கிட்டத்தட்ட 9.3-க்குப் போய்விடும். பூஸ்டுக்கு நீ இறங்க வேண்டிய திசைக்கு இது நேர் எதிர். அதைச் சரிக்கட்ட இரண்டு கேஸ்கட்டை அடுக்கிப் போடச் சொல்வார்கள். கேட்காதே! கசியும் இடம் இரட்டிப்பாகும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள நெருக்கமும் போய் நாக்கிங்தான் கூடும். கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டுமென்றால் குழி விழுந்த பிஸ்டன் போடு.

ஸ்ட்ரெய்ட் எட்ஜை ஹெட்டின் மேல் மூலைக்கு மூலை வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை நுழைத்துப் பார். நுழைந்தால் அந்த ஹெட் வேண்டாம். சீவிச் சரிசெய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டு. ஆட்டம் கையில் தெரிந்தால் கைடு மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள். டர்போவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை மல்டி லேயர் ஸ்டீல் கேஸ்கட்டுக்கும் நல்ல ஹெட் ஸ்டட்டுக்கும் எடுத்து வை.

இப்போதைக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. நாலு சிலிண்டரின் போர் அளவு, ஹெட் உயரம், ஃபீலர் கேஜ் எங்காவது நுழைந்ததா என்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. டெக்கை மேலிருந்து போட்டோ எடுத்து அதோடு வை. பார்த்துவிட்டு எடுக்கலாமா விடலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா