ஆற்றங்கரையில் ஒரு காற்றாலை

டச்சுக்காரர் என்றதும் நமக்கு மலாக்காதான் நினைவுக்கு வரும். 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து அந்நகரைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். மலாக்கா ஆற்றருகே சிவப்பு நிறத்தில் நிற்கும் பழைய நகர மண்டபம் அவர்கள் கட்டியதே. மலாக்காவிற்கு அவர்கள் வணிகர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் வந்தனர். பிழைப்புத் தேடிக் குடியேறிய டச்சுக்காரர்களின் ஊர் எப்படி இருக்கும்? அமெரிக்காவிற்குச் சென்றிருந்தபோது, அத்தகைய சிற்றூர் ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சிகாகோவிலிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். வழிநெடுக மக்காச்சோள வயல்கள். சாலை மிசிசிப்பி ஆற்றைத் தொடும் இடத்தில் இருக்கிறது ஃபுல்டன். 1807இல் நீராவிப் படகுப் போக்குவரத்தை வெற்றிகரமாக நடத்திக் காட்டிய இராபர்ட் ஃபுல்டனின் பெயரைத் தாங்கிய ஊர் இது. மக்கள்தொகை நான்காயிரத்தைக்கூட எட்டாது. ஆற்றின் இக்கரை இலினோய் மாநிலம். அக்கரை அயோவா மாநிலம். நான் சென்ற வேளையில் ஒரு விசைப்படகு, ஒன்றோடொன்று கட்டிய சரக்கு மிதவைகளை மெல்லத் தள்ளிக்கொண்டு சென்றது.

ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே வெள்ளத்தைத் தடுக்கும் உயரமான மண்கரை ஒன்று நீண்டு செல்கிறது. அதன்மேல், ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஒரு காற்றாலை. அது நிற்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. கரை எழுப்பி நீரைத் தடுப்பதும், காற்றாலைகளைக் கொண்டு நீரை இறைப்பதும் அந்நாட்டு மக்களின் வாழ்க்கையாகவே இருந்தன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெதர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. ஏழைகளின் அன்றாட உணவே அதுதான். உழுவதற்குச் சொந்த நிலம் இல்லாதவர்களும், தம் விருப்பப்படி வழிபட விரும்பியவர்களும் கப்பலேறினர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் பல ஊர்களில் அவர்கள் குடியேறினர். அவற்றுள் ஒன்றுதான் ஃபுல்டன்.

ஆனால், அந்த முதல் தலைமுறையினர் இந்தக் காற்றாலையைக் கட்டவில்லை. இது 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது! நெதர்லாந்தில் பாகம் பாகமாகச் செய்து கப்பலில் கொண்டுவரப்பட்ட இதை, அந்நாட்டுக் கைவினைஞர்களே வந்து பொருத்தினர். இதற்கு ‘டி இமிகிராண்ட்’ என்று பெயர். டச்சு மொழியில் ‘குடியேறியவர்’ என்று பொருள்.

உள்ளே ஏறினேன். முதிய தன்னார்வலர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். வெளியே இறக்கைகள் சுழல, உச்சியிலுள்ள பெரிய மரப் பற்சக்கரம் திரும்பியது. அது நடுவில் நிற்கும் செங்குத்துத் தண்டைச் சுழற்ற, தண்டு கீழ்த்தளத்திலுள்ள திரிகைக்கற்களை இயக்கியது. காற்று திசை மாறினால், உச்சிப் பகுதி முழுவதையும் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். காற்று வலுத்தால், இறக்கைகளில் விரித்த துணியைச் சுருட்ட வேண்டும். இவையனைத்தையும் ஊர்க்காரர்களே பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். இங்கு அரைத்த மாவை வருகையாளர்கள் வாங்கிச் செல்லலாம்.

“இறக்கைகள் நின்றே கிடந்தால் ஆலை கெட்டுவிடும். மழைநீர் ஒரே பக்கமாக இறங்கி மரம் உளுத்துப்போகும். ஓடுகிற ஆலைதான் நீண்ட நாள் நிலைக்கும்,” என்றார் அவர்.

“ஐயா, உங்களுக்கு டச்சு மொழி தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். “என் பாட்டி அடுக்களையில் டச்சுதான் பேசுவார். அப்பாவுக்கு அது புரியும். ஆனால், ஆங்கிலத்தில் பதில் சொல்வார். எனக்குப் பத்து வரை எண்ணத் தெரியும். என் பேரனுக்கு அதுவும் தெரியாது.”

முதல் உலகப் போர்க்காலமான 1918இல், அக்கரையில் உள்ள அயோவா மாநிலத்தில் ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளிகளிலும் பொது இடங்களிலும், தொலைபேசியிலும், வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பதே அது. போர் முடிந்த சில வாரங்களிலேயே அந்த ஆணை விலக்கப்பட்டது. அதைப் பற்றி நான் கேட்டபோது முதியவர் சொன்னார்: “ஆணை போய்விட்டது, ஆனால், மொழி திரும்பி வரவில்லையே! வீட்டுக்குள் எங்களை யார் தடுத்தார்கள்? பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.”

எனக்கு ஓர் உண்மை உறைத்தது. அன்று கப்பலேறியவர்கள் காற்றாலையைக் கொண்டுவரவில்லை, மொழியைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பொருள் செலவிட்டுக் காற்றாலையைக் கொண்டுவந்தார்கள். ஆனால், அதற்குள் மொழி கையைவிட்டுப் போயிருந்தது. காற்றாலையைக் கப்பலில் வரவழைக்கலாம். பாட்டியின் பேச்சை எந்தக் கப்பலில் வரவழைப்பது?

புறப்படும்முன் அவர் இறக்கைகளைச் சுட்டிக் காட்டினார். காற்றாலைக்கும் ஒரு மொழி உண்டாம். இறக்கை ஒன்று உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்டால் மகிழ்ச்சி. உச்சியைச் சற்றே கடந்து நிறுத்தப்பட்டால் துயரம். தொலைவில் இருப்பவர்களும் அதைப் பார்த்துச் செய்தியை அறிந்துகொள்வார்கள். 2014 ஜூலையில் நெதர்லாந்தின் பல காற்றாலைகள் துயரத்தைக் காட்டி நின்றன என்றார். நான் பேச்சற்று நின்றேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டு, உக்ரேன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச் 17 விமானத்தில் இறந்த 298 பேருக்காகத்தான் அவை அவ்வாறு நின்றன. அவர்களுள் 196 பேர் நெதர்லாந்து நாட்டினர். 43 பேர் மலேசியர். நம் துயரத்தையும் அந்த இறக்கைகள் சொல்லியிருக்கின்றன.

காற்றாலைகளையும் நீராலைகளையும் இயக்கும் நெதர்லாந்துக் கைத்திறனை, யுனெஸ்கோ 2017இல் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காக்கப்பட வேண்டியது கட்டடம் மட்டுமன்று. அதை இயக்கத் தெரிந்த கைகளும்தாம் என்பதே இதன் பொருள்.

அன்று மாலை வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தேன். மகள் எடுத்தாள். வழக்கமாக ஆங்கிலத்தில் தொடங்கும் நான், “சாப்பிட்டாயா, அம்மா?” என்று கேட்டேன். அவள் வியப்புடன், “இன்னும் இல்லை, அப்பா. பாட்டி தோசை சுடுகிறார்,” என்றாள். எங்கள் வீட்டு ஆலை இன்னும் நின்றுவிடவில்லை.

அருஞ்சொற்பொருள்

மிதவை – நீரில் சரக்கு ஏற்றிச் செல்லும் தட்டையான கலம்
தன்னார்வலர் – ஊதியம் எதிர்பாராமல் விரும்பிப் பணியாற்றுபவர்
திரிகைக்கல் – தானியம் அரைக்கும் வட்டக் கல்
உளுத்துப்போதல் – உள்ளே அரிக்கப்பட்டு வலுவிழத்தல்
வழித்தோன்றல் – ஒருவரின் மரபில் பின்னர்ப் பிறந்தவர்

கருத்துணர் வினாக்கள்

1. டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறியதற்கான காரணங்கள் யாவை?
2. காற்றாலை நின்றே கிடந்தால் கெட்டுவிடும் என்று முதியவர் கூறியது ஏன்?
3. ‘எங்கள் வீட்டு ஆலை இன்னும் நின்றுவிடவில்லை’ என்னும் வரியின் உட்பொருளை விளக்குக.
4. ஒரு மொழி மறைவதற்கு வெளியிலிருந்து வரும் தடை காரணமா, வீட்டினுள் நிலவும் புழக்கக் குறைவு காரணமா? பனுவலில் உள்ள சான்றுகளுடன் உன் குழுவில் கலந்துரையாடுக.
5. உன் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் பேசி, இன்று அரிதாகிவிட்ட ஐந்து தமிழ்ச் சொற்களைத் திரட்டுக. அவற்றை வாக்கியங்களில் அமைத்து வகுப்பில் படைத்திடுக.