பழைய கெப் வண்டியை மலைப் பாதைக்குத் தயார் செய்வது எப்படி?



இப்போதெல்லாம் டிவிஷன்களுக்குப் போகும்போது லயத்து வாசலில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். பழைய கெப் வண்டி ஒன்று ஜாக்கியில் ஏறி நிற்கும். அதன் அடியில் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிய ஒரு பொடியன் படுத்திருப்பான். பக்கத்தில் ஸ்பெனர் எடுத்துக் கொடுக்க மூன்று பேர், யோசனை சொல்ல ஆறு பேர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சார், வண்டியை உசத்துறோம். நம்ம ரோட்டுக்கு இது போதாது" என்பார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடியும் திறந்து விட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்த்துப் புது வண்டியின் விலை நம்மவர்களுக்கு எட்டுகிற விலையில்லை. ஆகவே தகப்பனார் ஓய்வு பெற்று எடுத்த சேமலாப நிதிக் காசில் முப்பது வருஷத்துப் பழைய கெப் ஒன்றை வாங்கி, மரக்கறி ஏற்றவும் ஹயர் ஓடவும் பிள்ளைகள் இறங்கியிருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ராத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால், 1990 அம்புலன்ஸுக்குச் சொன்னாலும் அது தார் ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடுகிற டிவிஷன்கள் உண்டு. அந்த மிச்சத் தூரத்துக்குக் கை கொடுப்பது இந்தக் கெப்தான்.

ஆனால் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒன்று நம்மை இதை எழுத வைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒரு தம்பி தன் வண்டியின் பின்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தார். பின்பெட்டியில் ஏழு பேர். ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவில்லை. அந்தத் தம்பிக்குப் புத்தி இருந்தது, பள்ளத்துப் பக்கம் விடாமல் மேட்டில் சாத்தி நிறுத்திவிட்டார். ஒருவருக்குக் கை முறிவு, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மறுநாள் வண்டியைப் பார்த்தபோது, பிரேக் கெட்டுப் போகவில்லை, உயர்த்தியதால்தான் அது வேலை செய்யாமல் போனது என்று தெரிந்தது. தோட்டத்து கராஜில் முப்பது வருஷம் வேலை செய்த பாஸ் ஒருவரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாம் படித்துக் கொண்டதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் கல்லு படுகிற இடம் எது? அநேகமாக எல்லாரும் "அடிப்பக்கம்" என்பார்கள். குனிந்து பாருங்கள். பின் அக்ஸிலின் நடுவில் குடம் மாதிரி ஓர் உருண்டை இருக்கிறதல்லவா, அதுதான் டிபரன்ஷல். தரைக்கு மிகக் கிட்ட இருப்பது அதுதான், கல்லு முட்டுவதும் அதில்தான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸியும் பெட்டியும் மேலே போகும். அக்ஸில் டயரோடு சேர்ந்தது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று அங்குலம் உயர்த்தினாலும் அந்தக் குடம் ஒரு நூல் கூட மேலே வராது! காசைச் செலவழித்து, ஆபத்தையும் வாங்கிக் கொண்டு, கல்லு முன்பு முட்டிய இடத்திலேயே முட்டும்.

குடத்தை உயர்த்தும் வழி டயர் ஒன்றுதான். அதிலும் பாதிக் கணக்கு. 28 அங்குல உயர டயரைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால் மூன்று அங்குலம் கூடுகிறது, ஆனால் அக்ஸில் உயர்வது ஒன்றரை அங்குலம். அதற்கும் விலை கொடுக்க வேண்டும். பெரிய டயரைச் சுற்ற எஞ்சினுக்குக் கூடுதல் பலம் வேண்டும், ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டி வரும், நிறுத்தப் பிரேக்குக்கும் கூடுதல் பாரம். மீற்றர் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55இல் போய்க் கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்காடில் உரசும். ஆகவே வண்டிக்குக் கம்பனி சொன்ன அளவை விட ஒரு படி பெரிதாகப் போடுவதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அளவை விட முக்கியம் டயரின் பல். நம் சேற்றுக்கு அகலமாக இடைவெளி விட்ட பல் வேண்டும், இல்லாவிட்டால் மண் அப்பி டயர் வடை மாதிரி வழுவழுப்பாகிவிடும். ரீபில்ட் டயர் போட வேண்டிய கஷ்டம் இருந்தால் பின்னுக்குப் போடுங்கள், முன்னுக்கு ஒருபோதும் வேண்டாம்.

இனி உயர்த்துவதால் வரும் ஆபத்து. இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இடது டயருக்கும் வலது டயருக்கும் இடையில் 56 அங்குலம் என்று வையுங்கள், பாதி 28. வண்டியின் கனத்தின் மையம் தரையிலிருந்து 28 அங்குல உயரத்தில் இருந்தால், வண்டி 45 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால்தான் புரளும். உயர்த்திய வண்டியில் ஆட்களும் நின்று கொண்டு வந்து, அந்த மையம் 36 அங்குலத்துக்குப் போய்விட்டால் 38 டிகிரியிலேயே புரண்டுவிடும். இதுவும் நிற்கிற வண்டிக்குச் சொன்ன கணக்கு. வளைவில் வேகமாகத் திரும்பினால் அவ்வளவு சாய்வு கூடத் தேவையில்லை. நம் ரோட்டுகளில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. மழையில் கரை அரித்து வெளிப்பக்க டயர் அரை அடி இறங்குவது நமக்குப் புதிதல்ல.

அப்படியானால் உயர்த்தவே கூடாதா என்று கேட்கலாம். பழைய ஸ்பிரிங் தளர்ந்து, சாமான் ஏற்றினால் பெட்டி டயரில் உட்கார்ந்து விடுகிறது என்றால், அதை முன்பிருந்த உயரத்துக்குக் கொண்டு வருவது சரியான வேலை. தேய்ந்த தகட்டை எடுத்துப் புதிது போடலாம், ஒரு தகடு கூடச் சேர்க்கலாம். தகட்டை நெருப்பில் காய்ச்சி வளைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அப்படிச் செய்ய வேண்டாம், காய்ச்சிய இரும்பு உறுதி கெட்டு ஒரு நாள் முறியும். நீளமான ஷெக்கிள் போடுவது இன்னொரு வழி. இரண்டு அங்குலம் நீளம் கூட்டினால் வண்டி சுமார் ஓர் அங்குலம் உயரும். அதற்கு மேல் நீட்டினால் வளைவில் வண்டி பக்கவாட்டில் ஆடும், முன்பக்கம் என்றால் ஸ்டியரிங் கோணமும் மாறி வண்டி நேரே பிடிக்காது. அக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது முன் அக்ஸிலுக்கு ஆகவே ஆகாது. பிரேக் பிடிக்கும்போது கட்டை கழன்றால் ஸ்டியரிங் கையில் இருக்காது. ஸ்பிரிங் வேலை செய்தால் பழைய யூ போல்டை மறுபடி போட வேண்டாம். புதிது போட்டு, சாமானோடு இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு திரும்பவும் இறுக்குங்கள். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

மேலே சொன்ன தம்பியின் வண்டிக்கு என்ன நடந்தது என்று இப்போது சொன்னால் விளங்கும். பல கெப் வண்டிகளில் பின் அக்ஸிலுக்கும் சேஸிக்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பி ஓடும், அதன் மேல் முனையில் ஒரு வால்வு. சாமான் ஏற்றி சேஸி தாழ்ந்தால், பாரம் இருக்கிறது என்று கண்டு அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் பலம் கொடுக்கும். வெறும் வண்டி என்றால் பின் டயர் சறுக்காமல் இருக்கப் பலத்தைக் குறைக்கும். தம்பி பின்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்தினார், கம்பியைத் தொடவில்லை. ஏழு பேர் ஏறியும் வால்வுக்கு அது வெறும் வண்டிதான்! பின் பிரேக்குக்குப் பலம் போகவில்லை. அது மட்டுமில்லை, சேஸியிலிருந்து அக்ஸிலுக்கு இறங்கும் ரப்பர் பிரேக் குழாயும் நரம்பு மாதிரி இழுபட்டு நின்றது. இன்னொரு குழியில் டயர் தொங்கியிருந்தால் அது அறுந்தே போயிருக்கும்.

ஆகவே ஓர் அங்குலம் உயர்த்தினாலும், அந்தக் கம்பி பிடித்திருக்கும் இடத்தை அதே அளவுக்கு மாற்றி அமைக்க வேண்டும். அக்ஸில் முழுக்கத் தொங்கும்படி சேஸியைத் தூக்கி வைத்து, குழாய் தளர்ந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுபட்டால் நீளமான குழாய் வாங்குங்கள். பழையதை இழுத்துக் கட்டிச் சமாளிக்க வேண்டாம். பிரேக் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுங்கள்.

அடுத்து, குறைந்த செலவில் நிறையப் பலன் தரும் ஒரு வேலை. டிபரன்ஷலின் மேல் ஒரு சின்ன மூச்சுத் துவாரம் இருக்கும். ஓடிச் சூடான குடம் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினவுடன் சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்தத் துவாரத்தாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். சில நாளில் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்து பெயரிங் தின்றுபோகும். அந்தத் துவாரத்தில் ஒரு நீளமான ரப்பர் டியூபை கிளிப் போட்டுப் பொருத்தி, சேஸியோடு கொண்டு போய் எஞ்சின் அறையின் உயரத்தில் முனையைக் கீழே பார்த்தபடி கட்டிவிடுங்கள். ஒரு மணித்தியால வேலை. காற்று உறிஞ்சும் குழாய் எஞ்சினுக்கு எங்கே வருகிறது என்றும் பார்த்து வையுங்கள். தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும் ஆறாக இருந்தால் வண்டியை இறக்காதீர்கள். டீசல் எஞ்சின் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் கொனெக்டிங் ரொட் வளைந்து போகும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால், புதிதாக எதையும் போடுவதற்கு முன் இருக்கிறதை வேலை செய்ய வையுங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 மாதிரியான பழைய வண்டிகளில் முன்னுக்கும் முழு அக்ஸில், தகட்டு ஸ்பிரிங். கட்டுமஸ்தான வண்டி, நம் பாதைக்கென்றே செய்தது போலத்தான். ஆனால் முன் சக்கரத்து ஹப்பைத் திருப்பும் பூட்டு வருஷக் கணக்காகத் தொடாமல் இறுகிப் போயிருக்கும். கழற்றி, கழுவி, புது கிரீஸ் போட்டால் முன் சக்கரம் மறுபடி இழுக்கும். அதைச் செய்யாமல் டயருக்கும் ஷெக்கிளுக்கும் காசு கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்தவுடன் நான்கு சக்கரத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கியர்ப் பெட்டி இறுகும்.

சேற்றில் புதைந்தால் டயரின் காற்றைக் குறைப்பது ஒரு வைத்தியம். 35 இறாத்தல் இருந்தால் 25க்கு இறக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள், டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். சாமானோடு அதற்குக் கீழே போக வேண்டாம். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப அடிக்க வேண்டும், ஆகவே வண்டியில் ஒரு கால் பம்பும் இருக்க வேண்டும். இழுப்பதற்கான கொக்கியை சேஸியில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர்தான் வரும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் கயிறு பாய்ந்து அடிக்கும் வேகம் குறையும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள்.

ஓட்டுகிறவருக்கு பாஸ் சொன்ன இரண்டு விஷயம். கல்லைக் கண்டால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாதே, சக்கரத்தை அதன் மேல் ஏற்று. அப்போது குடமும் சேர்ந்து உயரும். மற்றது, எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இந்த இரண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை.

வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. லயத்து வாசல் மண் தரை, அதுவும் சரிவு. சமமான இடம் பார்த்து, தரையில் தடித்த பலகை போட்டு, சேஸியின் கீழே இரும்புத் தாங்கி வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுத்த பிறகே உள்ளே போங்கள். செங்கல்லும் சிமெந்துக் கல்லும் பாரத்தில் ஒரு நொடியில் தூளாகும். ஸ்டியரிங் சாமான்களில் வெல்டிங் வைக்கக் கூடாது, யார் சொன்னாலும் சரி.

இன்னொன்று சட்டம். வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் உயர்த்திய வண்டி விபத்தில் சிக்கினால் கம்பனி பணம் கொடுக்க மறுக்க இடமுண்டு, அப்போது தகப்பனார் இருபத்தைந்து வருஷம் கொழுந்து நிறுத்துச் சேர்த்த காசு ஒரு வளைவில் போய்விடும். கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் காப்புறுதித் துண்டையும் எடுத்துக் கொண்டு, சம்பள நாளுக்கு மறுநாள் பின்னேரம் டிவிஷன் நலன்புரி அறைக்கு வரலாம். வண்டியையும் கொண்டு வந்தால் பாஸ் அடியில் குனிந்து பார்த்துச் சொல்வதாக ஒப்புக் கொண்டிருக்கிறார். ரப்பர் குழாய், யூ போல்ட் இவைகளை வாங்குவதற்கு முன் வாருங்கள், வாங்கிய பிறகு அல்ல.