தடையற்ற வாணிகமும் மக்களின் உடல்நலமும்

ஒரு நாட்டில் விளைந்த பொருள் கடல் கடந்து வேறொரு நாட்டின் சந்தைக்குச் செல்வது தோட்டப்புற மக்களுக்குப் புதிய செய்தியன்று. விடியற்காலையில் நாம் சீவி எடுக்கும் பால் கப்பலேறி, பெயர் அறியாத ஊர்களில் மோட்டார் வண்டிச் சக்கரமாகவும் மருத்துவரின் கையுறையாகவும் மாறுகின்றது. அதனை வாங்கும் நாடுகள் மிகுந்த தீர்வை விதித்தால் விலை விழும்; விலை விழுந்தால் அதன் சுமை தொழிலாளியின் வீட்டையும் வந்தடையும். ஆகவே, நாடுகளுக்கிடையே வாணிகம் தடையின்றி நடைபெறுவதில் நமக்கும் நன்மையுண்டு.

ஆயினும், எல்லையைக் கடந்து வரும் பொருள்கள் யாவும் ரப்பரைப் போன்றவையல்ல. வாங்குபவனின் நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கும் பொருளும் அதே துறைமுகத்தின் வழியாகத்தான் வருகின்றது. அத்தகைய பொருளுக்குக் கதவை அடைக்க ஓர் அரசாங்கத்திற்கு உரிமை உண்டா? இக்கேள்விக்கு நம் அண்டை நாடாகிய தாய்லாந்து 1990ஆம் ஆண்டில் விடை கூற வேண்டியதாயிற்று.

அவ்வழக்கை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947ஆம் ஆண்டில், ‘காட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தீர்வை, வாணிகப் பொது ஒப்பந்தம் உருவாயிற்று. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே அதில் சேர்ந்தது. தாய்லாந்து 1982இல் சேர்ந்தது. அயல்நாட்டுப் பொருளைத் தீர்வை விதித்துக் கட்டுப்படுத்தலாமேயன்றி முற்றாகத் தடுத்தல் கூடாது என்பதும், உள்ளே வந்துவிட்ட பொருளை உள்நாட்டுப் பொருளுக்குச் சமமாக நடத்துதல் வேண்டும் என்பதும் அதன் அடிப்படை விதிகள். ஆனால், அதன் 20ஆம் பிரிவு ஒரு விலக்கும் அளித்தது. மனித உயிரையும் உடல்நலத்தையும் காப்பதற்கு இன்றியமையாத நடவடிக்கைகளை ஒரு நாடு மேற்கொள்ளலாம். ‘இன்றியமையாத’ என்னும் அந்த ஒரு சொல்லின் மீதே வழக்கு முழுவதும் நின்றது.

தாய்லாந்தில் சிகரெட் உற்பத்தி அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. 1966ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்படி, உரிமம் பெறாமல் எவரும் அயல்நாட்டுச் சிகரெட்டைக் கொண்டுவர இயலாது. உரிமமோ மிக அரிதாகவே வழங்கப்பட்டது. இதே காலத்தில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்களின் சொந்தச் சந்தை சுருங்கத் தொடங்கியிருந்தது. புகைத்தலால் நுரையீரல் புற்றுநோய் உண்டாகின்றது என்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 1964இல் அறிக்கை வெளியிட்ட பின்னர், அங்குப் புகைப்போர் படிப்படியாகக் குறைந்தனர். இழந்த வாடிக்கையாளருக்கு ஈடாக ஆசியாவில் புதியவர்களைத் தேட நிறுவனங்கள் முற்பட்டன. தங்கள் பொருளுக்கு இடந்தராத நாட்டின் ஏற்றுமதிகளுக்குத் தண்டத் தீர்வை விதிக்கலாம் என்னும் அமெரிக்க வாணிகச் சட்டம் அவர்களுக்குத் துணைநின்றது. ஜப்பானும் தைவானும் தென்கொரியாவும் அந்த அச்சுறுத்தலுக்குப் பணிந்து, 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தையைத் திறந்துவிட்டன. தன் மக்களுக்கு நஞ்சு என்று கூறப்பட்ட பொருளை மற்றவர் மக்களுக்கு விற்க ஓர் அரசாங்கம் வரிந்துகட்டி நின்றது வாணிக வரலாற்றில் பெருமைக்குரிய பக்கமன்று.

அயல்நாட்டுச் சிகரெட் வந்தால் என்ன, உள்ளூர்ச் சிகரெட்டுக்குப் பதிலாக அதனைப் புகைப்பார்கள், அவ்வளவுதானே என்று சிலர் எண்ணக்கூடும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. போட்டியில்லாத அரசாங்கத் தொழிற்சாலைக்குப் பெரிதாக விளம்பரம் செய்யவேண்டிய தேவை இல்லை. போட்டி வந்தவுடன் விளம்பரப் பலகைகள் எழுகின்றன. விளையாட்டுப் போட்டிகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் பணம் கொட்டப்படுகின்றது. உள்ளூர் நிறுவனமும் விழித்துக்கொண்டு தானும் அவ்வழியே செல்கின்றது. குதிரை மேல் அமர்ந்த வீரனின் படத்தை நம்மில் மூத்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அதுவரை புகைக்காத இளைஞரையும் பெண்களையும் நாடியே அப்படங்கள் வரையப்படுகின்றன. மேற்கூறிய மூன்று நாடுகளையும் தாய்லாந்தையும் ஆராய்ந்த பொருளியலார் இருவர், சந்தை திறக்கப்பட்டதனால் 1991ஆம் ஆண்டில் தலைக்குரிய சிகரெட் நுகர்வு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாயிற்று என்று 1996இல் கணக்கிட்டனர்.

தாய்லாந்து எளிதில் பணியவில்லை. மருத்துவர்கள் முன்னின்று எதிர்ப்பைத் திரட்டினர். அமெரிக்காவிலிருந்த சுகாதார இயக்கத்தினரும் தம் சொந்த அரசாங்கத்தின் போக்கைக் கண்டித்தனர். வழக்கு ‘காட்’ நடுவர் குழுவின் முன் சென்றபோது, உலகச் சுகாதார நிறுவனம் தாய்லாந்துக்குச் சார்பாகத் தன் கருத்தை எடுத்துரைத்தது.

1990 நவம்பரில் தீர்ப்பு ஏற்கப்பட்டது. தாய்லாந்து தோற்றது. புகைத்தல் உடல்நலத்திற்குப் பெருங்கேடு என்பதை நடுவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால், உள்நாட்டுச் சிகரெட்டைத் தாராளமாக விற்றுக்கொண்டு அயல்நாட்டுச் சிகரெட்டை மட்டும் தடுப்பது உடல்நலத்தைக் காக்க இன்றியமையாததன்று என்றனர். நேர்மையாக நோக்கின், இவ்வாதத்தை மறுப்பது கடினமே. புற்றுநோய் எந்த நாட்டுச் சிகரெட் என்று பார்த்து வருவதில்லையன்றோ! விளம்பரத்தைத் தடைசெய்தல், எச்சரிக்கை அச்சிடுதல், கலந்துள்ள பொருள்களை வெளியிடச் செய்தல் முதலியவற்றை இரண்டு சிகரெட்டுக்கும் பொதுவாக விதிக்கலாம் என்றும் தீர்ப்பு காட்டியது.

தோல்வியில் கிடைத்த இவ்வழியைத் தாய்லாந்து முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. 1992ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. எல்லா வகைச் சிகரெட் விளம்பரமும், இலவச மாதிரி வழங்குதலும், தானியங்கிப் பெட்டி விற்பனையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்றலும் குற்றமாயின. தொடர்ந்து வரி உயர்த்தப்பட்டது. 2001இல் சிகரெட், மது ஆகியவற்றின் வரிமீது 2 விழுக்காடு கூடுதலாகத் தண்டி, அப்பணத்தைக் கொண்டே மக்கள் நலம் வளர்க்கும் நிதியகம் ஒன்று நிறுவப்பட்டது. 1991இல் 15 வயதுக்கு மேற்பட்ட தாய்லாந்து மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் புகைத்தனர். 2017இல் அது 19 பேர் அளவுக்குக் குறைந்தது. சந்தை திறந்தேயிருந்தது, புகைப்போரின் விழுக்காடு குறைந்தது.

இதனைக் கொண்டு வாணிக ஒப்பந்தங்களால் எவருக்கும் கேடில்லை என்று முடிவு செய்துவிடலாகாது. தாய்லாந்தில் உறுதிவாய்ந்த மருத்துவர்களும், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆற்றல் பெற்ற நிருவாகமும் இருந்தன. அவை இரண்டும் இல்லாத ஏழை நாட்டில் கதவு திறந்தவுடன் விளம்பரம் முதலில் வந்துவிடும். சட்டம் பல்லாண்டுகள் கழித்தே வரும்.

பிற்காலத்தில் காற்று ஓரளவு திசைமாறியது. புகையிலை ஏற்றுமதியை ஊக்குவிப்பதற்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடலாகாது என்று 1997இல் அமெரிக்க நாடாளுமன்றமே கட்டுப்பாடு விதித்தது. 2011இல் ஆஸ்திரேலியா சிகரெட் பெட்டிகளில் வண்ணமும் சின்னமும் இருத்தலாகாது என்று சட்டமியற்றியபோது, சில நாடுகள் ‘காட்’டின் வழித்தோன்றலாகிய உலக வாணிக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தன. 2018இலும் மேல்முறையீட்டில் 2020இலும் ஆஸ்திரேலியாவே வென்றது. அச்சட்டம் எந்த நாட்டுச் சிகரெட்டையும் வேறுபடுத்தவில்லை. தாய்லாந்தும் 2019இல் அம்முறையைப் பின்பற்றி, ஆசியாவில் முதல் நாடாயிற்று.

மலேசியாவில் 2024 அக்டோபர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் உள்நாட்டுப் பொருள், அயல்நாட்டுப் பொருள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 18 வயதுக்குட்பட்டோருக்கு எந்தச் சிகரெட்டை விற்றாலும் குற்றமே. தோட்டத்துக் கடைக்காரருக்கும் இது பொருந்தும். புகைக்கும் பழக்கத்தை விட விரும்புவோர் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை அணுகி, அதற்கென நடத்தப்படும் சிகிச்சைப் பிரிவைப் பற்றிக் கேட்டறியலாம்.