வாசலில் ஒரு குண்டுமல்லி: தொட்டியில் வளர்ப்போம், பயப்படாமல் வெட்டுவோம்



மூணு வருஷம் முன்னாடி கூரத்தில் நடந்த ஒரு மாதக் கூட்டத்தில், சேமிப்பு வாங்கி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டேன். "வாரத்துக்குப் பூ வாங்க எவ்வளவு ஆகுது?" ஆளாளுக்குக் கணக்கு சொன்னாங்க. சராசரியா 20 ரூபாய் வந்தது. வாரம் 20 என்றால் வருஷத்துக்கு 1,040 ரூபாய். "அட, இவ்வளவா!" என்று எல்லோரும் சிரித்தாங்க. ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு ஏதும்மா பூ செலவு?" என்றாங்க. அவங்க கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினோம்: ஆளுக்கு ஒரு குண்டுமல்லிச் செடி வாங்குவது. 12 பேர், 12 செடி. அந்த அக்காவும் ஒன்று வாங்கினாங்க. அதில் நாங்கள் படித்த பாடம்தான் இந்தக் கட்டுரை.

ஏன் குண்டுமல்லி?

முல்லையும் ஜாதிமல்லியும் கொடி மாதிரி நீண்டு போகும். குண்டுமல்லி குட்டையான புதர்ச் செடி. வெட்டி விட்டால் இடுப்பு உயரத்துக்குள் அடங்கும். அதனால் தொட்டிக்கு ஏற்றது. பங்குனியில் பூக்கத் தொடங்கி சித்திரை, வைகாசி, ஆனி வரை நல்ல வெயிலில்தான் அதிகம் பூக்கும்.

இது நம்ம ஊர்ப் பூ மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர் இதுதான். சீனாவில் தேயிலைக்கு வாசனை ஏற்ற இதைப் பயன்படுத்துகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடிக்குப் பேர் போன இடம் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். அங்கே இருந்துதான் பல மாவட்டங்களுக்கு நாற்று போகிறது.

தொட்டியும் மண்ணும்

ஜூன் முதல் நவம்பர் வரை செடி வைக்கலாம். ஒரு அடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள மண் தொட்டி நல்லது. பழைய பெயிண்ட் வாளியும் போதும். ஆனால் அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம் போடணும். ஓட்டை மேல் உடைந்த ஓட்டுத் துண்டு வைத்து, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொட்டி விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை காலியாக இருக்கட்டும்.

தரையில் இடம் இருந்தால் ஒரு அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுங்கள். செடிக்குச் செடி நாலு அடி விடணும்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படணும். வேப்ப மர நிழலில் வைத்தால் இலைதான் வரும், பூ வராது.

தண்ணீர்: நான் செய்த தப்பு

கூரத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேட்டிலேயே இந்த ஊர் ஏரியும் பாலாற்றுக் கால்வாயும் பேசப்படுகின்றன. ஆனாலும் தப்பு நடந்தது, அதுவும் என்னால். "தினமும் தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துட்டேன். ஐப்பசி மழையிலும் சிலர் சொன்னபடியே ஊற்றினாங்க. சில வாளிகளில் ஓட்டையே இல்லை. வேர் அழுகி நாலு செடி செத்துப்போனது.

சரியான முறை இதுதான். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கோடையில் தொட்டிக்குத் தினமும் காலையில் வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில்கூட வேண்டியிருக்காது. அரிசி கழுவின தண்ணி ஊற்றலாம். சோப்புத் தண்ணி, உப்புக் கரிக்கிற போர் தண்ணி வேண்டாம்.

கவாத்து: இதுதான் முக்கியம்

குண்டுமல்லி பழைய குச்சியில் பூக்காது. புதுசா வருகிற தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டினால்தான் புதுத் தளிர் வரும், தளிர் கூடினால்தான் பூ கூடும். வெட்டாமல் விட்ட செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், பூ நாலைந்துதான் இருக்கும்.

நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டுங்கள். அந்த நேரம் அடைமழை பெய்தால் மழை விட்டதும் செய்யலாம். காய்ந்த குச்சி, நோய் பட்ட குச்சி, உள்பக்கம் பின்னிக்கிடக்கிற குச்சி எல்லாவற்றையும் எடுத்துடுங்கள். கத்தரியோ அரிவாளோ கூர்மையாக இருக்கணும், குச்சி நசுங்கக் கூடாது. மேல் மண்ணைக் கிளறி எரு வையுங்கள். சின்னச் செடியை முதல் வருஷம் வெட்ட வேண்டாம், நுனியை மட்டும் கிள்ளினால் போதும்.

நம்ம குழுவில் இரண்டாம் வருஷம் இதைச் சொன்னபோது யாருக்கும் கை வரவில்லை. "பச்சைச் செடியை வெட்டறது பாவம்" என்றாங்க. வெட்டினது அந்த அக்கா ஒருத்தர்தான். பக்கத்து வீட்டில், "செடி வைக்கிறதே அதிகம், இதுல அதையும் மொட்டை அடிக்கிறாளே" என்று பேசியிருக்காங்க. அக்கா பதில் பேசவில்லை.

பங்குனி பிறந்தது. மற்ற செடிகளில் இலை. அக்கா வாசலில் மொட்டு.

உரம்

வயலில் ஒரு செடிக்கு வருஷத்துக்கு 10 கிலோ தொழு உரமும், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல் சத்தும் பரிந்துரைக்கிறார்கள். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து கவாத்து முடிந்ததும் ஒரு முறை, ஜூன் ஜூலையில் ஒரு முறை போடுவார்கள். இந்த அளவைத் தொட்டியில் போட்டால் வேர் கருகிடும். தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். பூக்கும் காலத்தில் கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணி கலந்து, 15 நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள்.

பூச்சியும் நோயும்

மொட்டில் ஓட்டை இருந்தால் மொட்டுப் புழு. மொட்டு ஊதா நிறமாகி, காய்ந்து உதிர்ந்தால் மொட்டு ஈ. அந்த மொட்டுகளைக் கீழே போடாமல் பறித்து எரித்துடுங்கள். ஈயின் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும், அதனால் மேல் மண்ணை அடிக்கடி கிளறி வேப்பம் புண்ணாக்கு போடணும். ஒரு லிட்டர் தண்ணியில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயந்திரம் தெளிக்கலாம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணியில் 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளியுங்கள்.

தலையில் வைக்கிற பூ, குழந்தைங்க மோந்து பார்க்கிற பூ. வாசல் செடிக்கு வயல் மருந்து அடிக்காதீங்க.

சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். 1800-180-1551 என்ற விவசாயிகள் அழைப்பு மையத்துக்குப் பேசினால் காசு இல்லாமல் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

வருமானம் வருமா?

உண்மையைச் சொல்லணும். வயலில் நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 6,400 செடி, 8 முதல் 9 டன் பூ. ஒரு செடிக்கு வருஷத்தில் ஒண்ணே கால் கிலோவுக்கு மேல் கொஞ்சம். தொட்டியில் அதைவிடக் குறையும். தை மாசத்தில் பூ விலை உச்சத்தில் இருக்கும்போது நம்ம செடி ஓய்வில் இருக்கும். வைகாசியில் எல்லார் வீட்டிலும் பூக்கும்போது விலை இறங்கிடும். அதனால் தொட்டிச் செடியை நம்பிக் கடன் வாங்காதீங்க. பூ வாங்கும் காசு மிச்சமாகும், அதைச் சேமிப்பில் போடலாம். மொட்டாகவே விடியற்காலையில் பறித்து, தொடுத்துக் கொடுத்தால் கூலியும் நம்முடையது.

செடி பெருக்கக் காசு வேண்டாம். மழைக்காலத்தில் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதித்து மேலே கல் வையுங்கள். மூணு நாலு மாசத்தில் வேர் பிடிக்கும், வெட்டி எடுத்து வைக்கலாம்.

அந்த அக்கா

செடி செத்துப்போன நாலு பேருக்கும் பதியன் போட்டுக் கொடுத்தது அந்த அக்காதான். காலையில் அவங்க முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஒதுங்கிப் போனவர்களில் இரண்டு பேர், செடிக்காக விடிகாலையில் அவங்க வாசலில் வந்து நின்றதை நானே பார்த்தேன். இப்போது அக்கா வீட்டில் ஏழு தொட்டி இருக்கு. தெருவில் நாலு வீட்டுக்குப் பூ தொடுத்துக் கொடுக்கிறாங்க. அந்தக் காசு அவங்க சேமிப்புப் புத்தகத்தில் ஏறுகிறது.

"அக்கா, உங்க பூவை நீங்க வச்சுக்கலயா?" என்று ஒரு நாள் கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "வைக்கத் தோணுறப்ப வச்சுக்கறேன் போ" என்று சிரித்தாங்க. வைக்கிறதும் வைக்காததும் அவங்க விருப்பம். நாம வழி மறிக்காமல் இருந்தால் போதும்.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் ஒருவர் வருஷத்துக்குப் பூவுக்குச் செலவிடுவது எவ்வளவு?
2. யார் வீட்டில் பதியன் போடக்கூடிய செடி இருக்கு? எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்?
3. கணவரை இழந்த உறுப்பினர்களை நம் வீட்டு விசேஷத்துக்கு முன்வரிசையில் அழைக்கிறோமா?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது ஒரு பதியனும் கொண்டு வந்தால் ரொம்ப சந்தோஷம்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்