இளமைப் பெயர்கள்

மலையாளத்தில் குழந்தையைக் 'குட்டி' என்பர். அஃது அம்மொழி வழக்கு. தமிழிலும் குழந்தையைக் 'குட்டி' எனக் கொஞ்சுவது உண்டு. ஆயினும், 'வகுப்பில் முப்பது குட்டிகள் உள்ளனர்' என்று தமிழில் எழுதுதல் மரபன்று; 'பிள்ளைகள்' என்றோ 'குழந்தைகள்' என்றோ எழுதுக.

தொல்காப்பியத்தின் மரபியல் ஒன்பது இளமைப் பெயர்களைக் கூறுகிறது. அவை: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பறவையின் இளமை பார்ப்பு. ஆட்டின் இளமை மறி. மக்களுக்கு உரியவை மகவு, குழவி என்னும் இரண்டே. 'குழவி' என்னும் பெயர் யானைக்கும் மரஞ்செடிகளுக்கும்கூட உரியது. பேணி வளர்க்கவேண்டிய உயிர்கள் ஒரு பெயரால் உறவாயின. இன்று நாம் வழங்கும் தென்னம்பிள்ளை, வாழைக்கன்று ஆகியனவும் இம்மரபின் தொடர்ச்சியே.

பயிற்சி:
1. வரையாடு குட்டி ஈனும் காலத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா மூடப்படும். இத்தொடரில் 'குட்டி' என்பதற்கு ஈடான மரபுப் பெயரை எழுதுக.
2. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து இளமைப் பெயர்களைத் தொகுக்க.